கடைசி நொடிக் கேட்பு: இணைய ஏலமும் அதன் முடிவு விதியும்

இணைய ஏலம் ஒன்று ஏழு நாள் நடந்தாலும், பொருள் யாருக்கு என்பது பல சமயம் கடைசி ஒரு நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. முடியும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஏலத்தில், எதிராளி மறுபடி ஏற்றிக் கேட்க அவகாசமே கிடைக்காதபடி இறுதி நொடிகளில் தொகையைப் பதிவு செய்யும் உத்திக்கு ஸ்நைப்பிங் என்று பெயர். ஆள் கணினி முன் உட்காராமலே அந்த வேலையைச் செய்து முடிக்கும் மென்பொருள் ஸ்நைப்பர். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஈபே தளத்தைச் சுற்றி வளர்ந்த பழக்கம் இது. ஏலம் கேட்பவர்களின் பேராசையும் தந்திரமும்தான் இதற்குக் காரணம் என்று அந்தக் காலத்தில் பலர் திட்டினார்கள். ஆனால் காரணம் ஆட்களிடம் இல்லை. ஏலம் எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்ற ஒரே ஒரு விதிதான் இதைப் பிறப்பித்தது. இந்த மென்பொருள்களின் வரலாற்றை அந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

நேரடி ஏலத்தில் இப்படி ஒளிந்திருந்து கேட்க இடமே இல்லை. ஏலம் விடுபவர் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவுவது, மேலே கேட்க இன்னும் ஆள் உண்டா என்று கூட்டத்தைப் பார்த்து அழைப்பதுதான். மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும் முன் ஒருவர் தொகையை ஏற்றிவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடற்கரையில் மீன் ஏலம் விடுபவருக்கும் லண்டனின் சோத்பீஸ் கூடத்தில் ஓவியம் விற்பவருக்கும் இந்த நியதி பொதுவானது. மற்றவர்கள் எல்லாரும் ஓய்ந்து, ஒருவர் மட்டும் மிஞ்சும்போதுதான் விலை நிற்கும். கடைசி வரை வாய் திறக்காமல் இருந்தவர் கடைசியில் திறந்தாலும், எதிராளிக்குப் பதில் சொல்ல நேரம் கிடைத்துவிடுகிறது. காத்திருந்ததால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை.

முடிவை வெளிப்பொருள் ஒன்றிடம் ஒப்படைத்த ஏலங்களும் முன்பு நடந்திருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கப்பல்களையும் சரக்குகளையும் மெழுகுவர்த்தி ஏற்றி விற்றார்கள். ஓர் அங்குல அளவுள்ள மெழுகுவர்த்தி எரியும் வரை கேட்கலாம். சுடர் அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவர் யாரோ அவருக்கே பொருள். கடற்படை நிர்வாகத்தில் பொறுப்பிலிருந்த சாமுவேல் பெப்பிஸ், 1660 நவம்பரில் இரண்டு கப்பல்கள் இப்படி விற்கப்பட்டதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1662 செப்டம்பரில் அவர் பார்த்த இன்னொரு விற்பனை, இந்த வரலாற்றுக்கு மிக முக்கியமானது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகக் கடைசி ஆளாகக் கேட்டுப் பொருளைக் கொண்டுபோனார். எப்படி என்று பெப்பிஸ் விசாரித்தபோது அவர் ரகசியத்தைச் சொன்னார்: சுடர் அணையப்போகும் நேரத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்டால் தவறாது. கடைசிக் கணத்துக்கு ஒரு விதி பரிசு வைத்தால், அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் வழி தேடியே தீருவார் என்பதற்கு எழுத்தில் பதிவான தெளிவான சான்றுகளில் இது ஒன்று.

அதே மெழுகுவர்த்தியை பிரான்சில் வேறு விதமாகக் கையாண்டார்கள். அங்கே நிலம், வீடு போன்றவற்றின் ஏலத்தில் ஒருவர் தொகை சொன்னதும் சிறு திரி ஒன்றை ஏற்றுவார்கள். அது எரிந்து தீருவதற்குள் வேறொருவர் கேட்டால் புதிய திரி ஏற்றப்படும். யாரும் கேட்காமல் அடுத்தடுத்து திரிகள் அணைந்தால்தான் விற்பனை முடியும். பர்கண்டிப் பகுதியில் போன் நகர மருத்துவ அறக்கட்டளை 1859 முதல் நடத்திவரும் ஒயின் ஏலத்தின் மரபிலும் இந்த மெழுகுவர்த்தி உண்டு. இங்கிலாந்தின் சுடர் அணைந்தால் அணைந்ததுதான். பிரான்சின் சுடர் கேட்பு வரும்தோறும் புதுப்பிக்கப்படும். முந்நூறு ஆண்டு கழித்து இணையத்தில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு முடிவு விதிகளும் இந்த இரண்டு மெழுகுவர்த்திகளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் டாட்வொர்த் ஊரிலும், பெர்க்‌ஷயரின் ஆல்டர்மாஸ்டனிலும் புல்வெளிக் குத்தகைக்கு மெழுகுவர்த்தி ஏலம் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஆல்டர்மாஸ்டனில் மெழுகில் குத்திவைத்த ஆணி கழன்று விழுவதே முடிவின் அடையாளம்.

ஈபேயின் கதை 1995 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் தொடங்குகிறது. பியர் ஓமிட்யார் என்ற மென்பொருள் நிரலாளர், விடுமுறை நாட்களில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் ஒரு தளத்தை எழுதி வெளியிட்டார். உடைந்த லேசர் சுட்டி ஒன்று அதில் 14.83 டாலருக்கு விலைபோனது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1997-இல் தளத்தின் பெயர் ஈபே என்று மாறியது. 1998 செப்டம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. பழைய நாணயம், தபால்தலை, பொம்மை, கேமரா, பீங்கான் என்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்களே தொடக்கத்தில் அங்கே குவிந்தன. ஊருக்கு ஓரிருவராகச் சிதறிக் கிடந்தவர்கள் முதல்முறையாக ஒரே சந்தையில் கூடினார்கள்.

கூடினார்கள் என்றாலும் ஒரே நேரத்தில் கூட முடியவில்லை. சிகாகோவில் இருப்பவர் காலையிலும் சிட்னியில் இருப்பவர் இரவிலும் வந்து பார்ப்பார்கள். கூவி அழைக்கும் ஏலம் இந்தச் சந்தைக்குப் பொருந்தாது. எனவே ஏலத்துக்கு மூன்று, ஐந்து, ஏழு, பத்து நாள் என்று ஆயுள் வைத்து, இன்ன நாளில் இன்ன நொடியில் முடியும் என்று பக்கத்திலேயே அறிவித்தார்கள். அந்த நொடி வந்ததும் கதவு சாத்தப்படும். அதற்குமேல் ஒரு காசு கூட்டிக் கேட்டாலும் செல்லாது. நிரல் எழுதுவதற்கு எளிய தீர்வு அது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நாள் குறித்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது. ஆனால் அந்த வசதியோடு சேர்ந்து இங்கிலாந்தின் மெழுகுவர்த்தியும் திரும்பி வந்துவிட்டது. முன்பு சுடர் எப்போது அணையும் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இப்போது நொடி சுத்தமாகத் தெரிந்தது.

நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பதால் ஈபே இன்னொரு ஏற்பாட்டையும் சேர்த்திருந்தது. அதன் பெயர் பதிலாள் கேட்பு. ஒருவர் தன்னால் தர முடிந்த உச்சத் தொகையைத் தளத்திடம் ரகசியமாகச் சொல்லிவிட வேண்டும். எதிராளி ஏற்ற ஏற்ற, அவர் சார்பில் தளமே தேவையான அளவு மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். ஒரு கேமராவுக்கு ஒருவர் 50 டாலரும் இன்னொருவர் 40 டாலரும் உச்சமாக வைத்தால், முதலாமவர் 41 டாலருக்கு வெல்வார். அந்த விலைக்கு உரிய ஏற்றப்படி ஒரு டாலர். இரண்டு பேர் ஒரே தொகையை வைத்தால் முந்தி வைத்தவருக்கு முன்னுரிமை. ஆக, வென்றவர் கொடுப்பது ஏறக்குறைய தோற்றவரின் தொகைதான்.

இந்த இரண்டாம் விலை முறைக்கு ஈபேயைவிடப் பழைய வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்ப்டன் ஊரின் தபால்தலை வணிகர்கள் 1893-லேயே அஞ்சல் வழி ஏலத்தை இப்படித்தான் நடத்தினார்கள்: கடிதத்தில் வந்த தொகைகளில் பெரியதை எழுதியவருக்குப் பொருள், விலை மட்டும் இரண்டாம் தொகைக்கு ஒரு படி மேல். 1961-இல் பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி இந்த முறையின் கணக்கை நிறுவினார். கொடுக்கப்போகும் விலை அடுத்தவர் எழுதிய தொகையால் தீர்மானமாவதால், பொருளுக்குத் தன் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பை எழுதுவதே ஒவ்வொருவருக்கும் நல்லது. கூட்டியோ குறைத்தோ எழுதி அடையப்போவது எதுவும் இல்லை என்று காட்டினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு, மூன்றாம் நாளில் அவர் இறந்துபோனார்.

விக்ரியின் கணக்குப்படி ஈபேயில் நேரத்துக்கு வேலையே இருக்கக் கூடாது. உச்சத் தொகையை முதல் நாளே வைத்தாலும் கடைசி நொடியில் வைத்தாலும் விளைவு ஒன்றுதான் என்று எதிர்பார்க்கலாம். உச்சத் தொகையை முன்கூட்டியே வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றுதான் ஈபேயும் வாங்குபவர்களுக்குச் சொல்லிவந்தது. வாங்குபவர்கள் அதைக் கேட்கவில்லை. 1998-இல் ஈபேயில் விற்கப்பட்ட நாணயத் தொகுப்புகளைப் பற்றிப் பின்னர் ஆராய்ந்த பட்ரிக் பஜாரி, அலி ஹோர்டாச்சு இருவரும், மூன்று நாள் ஏலத்தில் வெற்றி பெற்ற கேட்புகளில் பாதி கடைசி 73 நிமிடங்களுக்குள் வந்தவை என்று கணக்கிட்டார்கள். 72 மணி நேரம் திறந்திருந்த கடையில், பாதி வியாபாரத்தைத் தீர்மானித்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதுதான்.

காரணம், ஏலத்தில் இருப்பவர்கள் எல்லாரும் விக்ரியின் கணக்கைப் பின்பற்றுவதில்லை. ஒரு பொருள் 60 டாலர் பெறும் என்று ஒருவர் நினைக்கிறார். ஆனால் தளத்திடம் 30 டாலர் மட்டும் சொல்லி வைக்கிறார். யாராவது தாண்டினால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நேரடி ஏலத்தில் பழகிய யாரும் இப்படித்தான் நடந்துகொள்வார்கள். அந்தப் பொருளுக்கு 45 டாலர் தரத் தயாராக இருக்கும் இன்னொருவர் முதல் நாளே 45 வைத்தால், முதலாமவர் விழித்துக்கொண்டு 46-க்கு மேல் ஏற்றிப் பொருளைக் கொண்டுபோய்விடுவார். இரண்டாமவர் முடிவுக்கு ஐந்து நொடி இருக்கும்போது 45 வைத்தால் நிலைமை தலைகீழ். முதலாமவரின் 30 டாலருக்கு மேல் ஒரு படி, 31 டாலருக்கே பொருள் கைக்கு வருகிறது. எதிராளியிடம் பணம் இருந்தது, மனமும் இருந்தது, நேரம்தான் இல்லை.

வேறு காரணங்களும் உண்டு. பழம்பொருள் உலகில் அறிவே மூலதனம். ஒரு நாற்காலி எந்தப் பட்டறையில் செய்தது, ஒரு நாணயம் அசலா போலியா என்பதை அறிந்தவர் ஒருவர் முன்கூட்டியே கேட்டுவிட்டால், அவர் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் அதுவரை கவனிக்காதவர்களுக்கும் அந்தப் பொருள் உயர்ந்தது என்று தெரிந்துவிடும். தொடக்க கால ஈபேயில் கேட்பவர்களின் பயனர் பெயர் வெளிப்படையாகத் தெரிந்ததால் இந்தச் சிக்கல் கூர்மையாக இருந்தது. தன் அறிவைப் பிறர் இலவசமாகப் பயன்படுத்தக் கூடாது என்று நினைத்தவர் கடைசி வரை மறைந்திருப்பதே சரி. விற்பவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றிவிடும் மோசடிக்கு எதிராகவும் தாமதம் பாதுகாப்பு தந்தது. உச்சத் தொகை முன்னாலேயே தளத்தில் இல்லையென்றால் அதைத் துருவிப் பார்க்கவும் முடியாது. இவற்றோடு மனிதச் சுபாவமும் சேர்கிறது. தொடக்கத்திலேயே போட்டி மூண்டால் இருவரும் ரோஷத்தில் மதிப்புக்கு மேல் போவார்கள் என்பதை அனுபவசாலிகள் அறிந்திருந்தார்கள்.

முதலில் இந்த வேலையை மனிதர்கள் கையாலேயே செய்தார்கள். இரண்டு உலாவிச் சாளரங்களைத் திறந்துவைத்து, ஒன்றில் கேட்பை உறுதிசெய்யும் பக்கம் வரை போய் நிறுத்திக்கொள்வார்கள். மற்றதில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து நேரத்தைப் பார்ப்பார்கள். சொந்தக் கடிகாரத்தை நம்ப முடியாது. ஈபேயின் அதிகாரபூர்வ நேரம் அமெரிக்கப் பசிபிக் கரை நேரம். தொலைபேசிக் கம்பி வழி மோடத்தில் ஒரு பக்கம் ஏறவே பல நொடி பிடித்த காலம் அது. இணைப்பு அறுந்தால் ஒரு வாரக் காத்திருப்பு வீண். அமெரிக்க விற்பனையாளர்கள் மக்கள் வீட்டில் இருக்கும் ஞாயிறு மாலையில் ஏலம் முடியும்படி வைத்தால், ஐரோப்பாவில் இருப்பவர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க வேண்டும். தளமே படுத்துவிடும் ஆபத்தும் இருந்தது. 1999 ஜூனில் ஈபே தொடர்ந்து 22 மணி நேரம் முடங்கியபோது, அந்த நேரத்தில் முடிய வேண்டிய ஏலங்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன.

இந்த அவதியிலிருந்துதான் கருவி பிறந்தது. தூங்காமல் விழித்திருப்பதும், நொடியை எண்ணுவதும், பொத்தானை அழுத்துவதும் இயந்திரத்துக்கு ஏற்ற வேலை. 1999 வாக்கில் ஈஸ்நைப் என்ற இணையச் சேவை வந்தது. ஆக்‌ஷன்ஸ்நைப்பர், பிட்நேப்பர், கிக்ஸன் போன்றவை தொடர்ந்தன. சொந்தக் கணினியில் நிறுவி ஓட்டும் வகையும் இருந்தது. மூல நிரல் திறந்த மென்பொருளான ஜேபிட்வாட்சர் அவற்றில் பெயர் பெற்றது. சேவைகளில் சில இலவசம். சில, வென்றால் மட்டும் விலையில் சிறு பங்கை எடுத்துக்கொண்டன.

பயன்படுத்துபவர் செய்ய வேண்டியது குறைவு. ஏலப் பொருளின் எண், தன் உச்சத் தொகை, முடிவுக்கு எத்தனை நொடி முன்னால் அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் பதிவு செய்தால் போதும். கருவி தன் கடிகாரத்தை ஈபேயின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளும். உரிய நேரத்தில் பயனரின் கணக்கில் நுழைந்து கேட்பைச் செலுத்தும். அதற்குள் விலை அவர் வைத்த உச்சத்தைத் தாண்டியிருந்தால் ஒதுங்கிவிடும். எத்தனை நொடி என்பதில்தான் நுட்பம். மூன்று நொடி என்றால் எதிராளிக்குத் தப்ப வழியில்லை, ஆனால் வலைப்பின்னல் தாமதத்தில் கேட்பே போய்ச் சேராமல் போகலாம். பத்து நொடி என்றால் அது போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம், ஆனால் விழித்திருக்கும் இன்னொருவர் பதில் கொடுத்துவிடலாம்.

இரண்டு கருவிகள் ஒரே ஏலத்தில் மோதினால் என்ன ஆகும் என்ற கேள்வி அடிக்கடி எழுந்தது. விடை எளியது: எந்தக் கருவி பிந்தி அனுப்பியது என்பது பொருட்டல்ல, எதனிடம் பெரிய தொகை இருந்தது என்பதே பொருட்டு. ஏலத்தில் உள்ள எல்லாரும் ஸ்நைப்பர் வைத்திருந்தால் அந்த ஏலம் மூடிய உறையில் தொகை எழுதிப் போடும் விக்ரியின் ஏலமாகவே மாறிவிடுகிறது. பத்து நாள் திறந்திருக்கும் சந்தை ஐந்து நொடி உறை திறப்பாகச் சுருங்குகிறது. ஸ்நைப்பரின் தாக்கங்களில் ஆழமானது இதுதான்.

கருவிகள் தந்த இன்னொரு வசதி, தொகுதிக் கேட்பு. ஒரே மாதிரிக் கேமரா பத்து பேரிடம் விற்பனைக்கு இருக்கிறது, தேவை ஒன்றுதான். ஈபேயில் பத்திலும் முன்கூட்டியே தொகை வைத்தால் பத்தையும் வாங்க நேரிடலாம், கேட்பைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. கருவியிடம் பத்தையும் ஒரு தொகுதியாகக் கொடுத்தால், முடியும் வரிசைப்படி ஒவ்வொன்றாக முயலும். ஒன்று கிடைத்த உடனே மற்றவற்றை ரத்து செய்துவிடும். இந்த வசதியை ஒதுக்கித்தள்ள எந்த நியாயமும் இல்லை. ஆனால் விலையாக ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது: ஈபே கணக்கின் கடவுச்சொல்லை மூன்றாம் நபரின் சேவையகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஆட்களின் குணமா, விதியின் விளைவா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்ஸல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரின் ஆய்வில். 2002 செப்டம்பரில் அமெரிக்கன் எக்கனாமிக் ரெவ்யூ இதழில் அது வெளிவந்தது. அவர்களுக்குச் சாதகமாக ஒரு வரலாற்றுத் தற்செயல் அமைந்திருந்தது. ஈபேயின் வெற்றியைப் பார்த்து அமேசானும் 1999-இல் ஏலச் சந்தை தொடங்கியிருந்தது. பதிலாள் கேட்பு, இரண்டாம் விலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவு விதி மட்டும் வேறு. அமேசானில், கடைசிக் கேட்பு வந்து பத்து நிமிடம் யாரும் கேட்காமல் கழிந்தால்தான் ஏலம் மூடும். இடையில் ஒருவர் கேட்டால் தானாகவே நீளும்.

இரண்டு தளங்களிலும் கணினிகள், பழம்பொருள்கள் என்ற இரு வகைகளில் 480 ஏலங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஈபேயின் கணினி ஏலங்களில் 40 விழுக்காட்டிலும் பழம்பொருள் ஏலங்களில் 59 விழுக்காட்டிலும் கடைசிக் கேட்பு, முடிவுக்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் வந்திருந்தது. அமேசானில் இரு வகையிலும் அது சுமார் 3 விழுக்காடு. அனுபவம் பற்றிய முடிவு இன்னும் அழுத்தமானது. ஈபேயில் அனுபவம் மிகுந்தவர்கள் மற்றவர்களைவிடப் பிந்திக் கேட்டார்கள். அமேசானில் அனுபவம் மிகுந்தவர்கள் முந்திக் கேட்டார்கள். தாமதம் தெரியாத்தனமோ சோம்பலோ என்றால் அனுபவம் வளர வளர இரு தளங்களிலும் அது குறைந்திருக்க வேண்டும். அதே மனிதர்கள், அதே பொருள்கள், வேறு விதி, வேறு நடத்தை. பழம்பொருள்களில் தாமதம் கூடுதலாக இருந்ததும், நிபுணர் தன் அறிவை மறைக்கிறார் என்ற விளக்கத்தோடு பொருந்தியது. ஆய்வாளர் டான் அரியலியோடு சேர்ந்து அவர்கள் பின்னர் ஆய்வுக்கூடத்தில் முடிவு விதியை மட்டும் மாற்றி நடத்திய சோதனையும் இதையே உறுதிசெய்தது. சந்தை வடிவமைப்பு பற்றிய பணிகளுக்காக ராத் 2012-இல் நோபல் பரிசு பெற்றார்.

கடைசி நொடிக் கேட்பால் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஷான் கிரே, டேவிட் ரைலி இருவரும் ஒரே மாதிரிப் பொருள்களை இணை இணையாக எடுத்து, ஒன்றில் முன்கூட்டியும் மற்றதில் கடைசி நொடிகளிலும் ஒரே தொகையைக் கேட்டுப் பார்த்தார்கள். விலை வித்தியாசம் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது. ஜெஃப்ரி எலி, தன்ஜிம் ஹொசைன் இருவரும் டிவிடி ஏலங்களில் நடத்திய சோதனையில் ஸ்நைப்பிங்குக்குச் சிறு ஆதாயம் தெரிந்தது, அவ்வளவுதான். ஸ்நைப்பரை மாயக்கோலாக விற்ற விளம்பரங்களும், அதைக் கொள்ளை என்று பழித்த புகார்களும் மிகையானவை என்பது இதிலிருந்து தெரிகிறது. உச்சத் தொகையைச் சரியாகக் கணித்தவருக்குக் கருவி கொஞ்சம் உதவுகிறது. தவறாகக் கணித்தவரை எந்த நொடியும் காப்பாற்றாது.

சட்டப் போராட்டங்கள் எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. கடைசி நொடியில் கேட்பது விதிமீறல் அல்ல என்றே ஈபே நெடுகிலும் சொல்லிவந்தது. தன் தளத்தில் தானியங்கி நிரல்கள் நுழைவதை எதிர்த்து அது தொடுத்த புகழ்பெற்ற வழக்கு, பிடர்ஸ் எட்ஜ் என்ற விலைத் திரட்டு நிறுவனத்தின்மீது. நாளொன்றுக்கு சுமார் ஒரு லட்சம் முறை ஈபேயின் சேவையகங்களைத் தொட்ட அந்த நிரலுக்கு 2000 மே மாதம் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அது பட்டியல்களைத் திரட்டிய நிரல், கேட்புச் செலுத்திய நிரல் அல்ல. ஜெர்மனியில் ஸ்நைப்பர் சேவைகளே நேரடியாக நீதிமன்றத்துக்கு வந்தன. ஹாம்பர்க் நீதிமன்றம் 2002-இல் சேவைக்கு எதிராகவும், பெர்லின் நீதிமன்றம் 2003-இல் சேவைக்கு ஆதரவாகவும் தீர்ப்பு சொன்னதால் கேள்வி அப்படியே நின்றது.

விதியையே மாற்றினால் கருவிக்கு வேலை இருக்காது என்பது தெரிந்தும் ஈபே மாற்றவில்லை. வாங்குபவர்களும் விற்பவர்களும் ஏற்கெனவே அங்கேதான் திரண்டிருந்தார்கள். நல்ல முடிவு விதி மட்டும் கூட்டத்தை இழுத்துவிடாது. நீளும் முடிவை வைத்திருந்த அமேசான் ஏலம் சில ஆண்டுகளில் மங்கி மறைந்தது. யாஹூ தன் அமெரிக்க ஏலத் தளத்தை 2007-இல் மூடியது. ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே யாஹூவின் ஏலம் வலுவாகக் காலூன்றியதால் ஈபே 2002-இல் வெளியேறியது. நேரம் தானாக நீளும்படி வைக்கும் உரிமை அங்கே விற்பவர் கையில் இருந்தது. நியூசிலாந்தில் 1999-இல் தொடங்கிய டிரேட் மீ தளத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் கேட்பு வந்தால் முடிவு இரண்டு நிமிடம் தள்ளிப்போகும்.

அரசுகள் நடத்தும் பெரிய ஏலங்கள் இந்த ஆபத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டன. அமெரிக்கா 1994-இல் அலைக்கற்றை ஏலம் தொடங்கியபோது பொருளியலாளர்கள் பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் உள்ளிட்டோர் அதற்கு ஒரு விதி வகுத்துக் கொடுத்தார்கள்: ஆரம்பச் சுற்றுகளில் கேட்காமல் பதுங்கியிருப்பவர் பிந்தைய சுற்றுகளில் கேட்கும் தகுதியை இழப்பார். மறைந்திருந்து கடைசியில் பாய்வதை அது வேரோடு அடைத்தது. இந்தியா 2010-இல் நடத்திய மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலமும் இதே வழியில் 34 நாள், 183 சுற்று நடந்தது. மூன்றாவது மருந்து, முடிவை யாரும் அறியாதபடி செய்வது. போல்காடாட் என்ற பிளாக்செயின் வலைப்பின்னல் 2021 நவம்பரில் தொடங்கிய இட ஏலங்களுக்கு மெழுகுவர்த்தி ஏலம் என்றே பெயர் வைத்தது. இறுதிக் கட்டத்தில் ஏதோ ஒரு கணத்தை மறையாக்கவியல் பின்னோக்கித் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு வந்த கேட்புகள் செல்லாமல் போயின. பெப்பிஸ் பார்த்த ஆளுக்கு உதவிய புகைகூட அங்கே இருக்கவில்லை.

தமிழ்நாட்டு வாசகர் இன்று அடிக்கடி எதிர்கொள்ளும் இணைய ஏலம், வங்கிகள் கடன் பாக்கிக்காக வீடு, மனை விற்பது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் நாளிதழில் வரும் அறிவிப்புகளில், கடைசி நேரத்தில் கேட்பு வந்தால் ஐந்தைந்து நிமிடமாக வரம்பின்றி நீளும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். முன்வைப்புத் தொகை கட்டியவர்கள் மட்டும் கலந்துகொள்ளும் இந்த ஏலத்தில் ஸ்நைப்பருக்கு இடமில்லை. ஈபேயின் கண்டிப்பான முடிவு இந்தியாவில் ஆழமாகப் பழகவும் இல்லை. 2004-இல் பாஸீ டாட் காம் நிறுவனத்தைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி இந்தியாவுக்கு வந்த ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

ஸ்நைப்பர்களின் களத்தைச் சுருக்கியது சட்டமோ விதி மாற்றமோ அல்ல. 2000-இல் ஈபே கொண்டுவந்த ‘உடனே வாங்கு’ பொத்தான்தான். புதிய பொருளை நிலையான விலைக்கு அங்கேயே வாங்க முடிந்தபோது, ஒரு வாரம் காத்திருந்து கேட்கும் பொறுமை குறைந்தது. 2000களின் முடிவுக்குள் நிலையான விலை விற்பனை ஏலத்தை விஞ்சிவிட்டது. இன்று அங்கே ஏலம் தங்கியிருப்பது, எவருக்கும் சரியான விலை தெரியாத பொருள்களில்: பழைய நாணயம், தபால்தலை, விளையாட்டு அட்டை, கைவிடப்பட்ட கேமரா லென்ஸ். அவற்றின் ஏலங்கள் இன்னமும் அறிவித்த நொடியிலேயே மூடுகின்றன. கிக்ஸன் போன்ற கருவிகளும், ஒரே மாதிரிப் பொருள்களைத் தொகுதியாகப் பதிந்து ஒன்று கிடைத்ததும் மற்றதை விடும் வசதியோடு, அந்தச் சேகரிப்பாளர்களுக்காகவே இயங்கி வருகின்றன.